உங்கள் அறைக்கு ஏற்ற பழைய பாணி ட்யூப் ஆம்ப்: ப்ளூஸ், ராக் வாசிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய ட்யூப் ஆம்ப் (கிட்டார் ஒலியை வெற்றிடக் குழாய்களால் பெருக்கும் பெட்டி), ஸ்பீக்கரை இயக்கும் பெரிய ட்யூப்களான பவர் ட்யூப் நான்கு போட்ட ஒரு ராட்சசன். மாடிக்குத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும். வைத்திருந்த மூன்று வருடத்தில் அதன் வால்யூம் குமிழ் 2-ஐத் தாண்டியதே இல்லை. 2-இல் அது சுத்தமாக ஒலிக்கும், ஆனால் உயிர் இருக்காது. கரகரப்பு வேண்டுமென்றால் பெடலை மிதிக்க வேண்டும். ஒரு நாள் நண்பருடைய சின்னப் பெட்டி ஒன்றில், ஒரே ஒரு பவர் ட்யூப், எட்டு அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான், கிட்டாரைச் செருகி வால்யூமை முக்கால்வாசி திறந்தேன். மூன்று வருடமாகப் பெடல் பெடலாக வாங்கித் தேடிய சத்தம் அதற்குள் இருந்தது.

என் பெரிய ஆம்பில் ஒரு குறையும் கிடையாது. நான் யோசித்த வரிசைதான் தப்பு. முதலில் பெயர், பிறகு தோற்றம், பிறகு வாட், கடைசியில் வீட்டுக்கு வந்து சத்தம் என்று போனேன். அதைத் தலைகீழாகப் போட வேண்டும். பழைய பாணி ஆம்ப் ஒவ்வொன்றுக்கும் இனிக்கிற இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் சுத்தமான ஒலி கரகரக்கத் தொடங்கும் அந்த விளிம்புதான் அது. அந்த விளிம்பில் ஆம்ப் எவ்வளவு சத்தம் போடுகிறது, அந்தச் சத்தத்தை நீங்கள் வாசிக்கும் இடம் தாங்குமா? இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

முதல் படி: சத்தத்தை முடிவு செய்யுங்கள்

வாட் என்ற எண்ணை நம் காது நேர்க்கோட்டில் கேட்பதில்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குப் படவேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 50 வாட் ஆம்பின் பாதிச் சத்தம் 25 வாட்டில் கிடைக்காது, 5 வாட்டில்தான் கிடைக்கும். "100 வாட் அதிகம், 50 வாட் போதும்" என்று சொல்லி வாங்குபவர்கள் உண்மையில் 3 டெசிபல்தான் குறைத்திருக்கிறார்கள்.

5 வாட் என்றால் பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 5 வாட் கொடுத்தால் 102 டெசிபல். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். 102-க்குப் பத்து நிமிடம்கூட இல்லை. சின்ன ஆம்பை முழுக்கத் திறந்து அடுத்த அறையில் குழந்தை தூங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் அனுபவத்தில் கணக்கு இப்படி. வீட்டில் மட்டும், பகல் நேரத்தில், கதவை மூடிக்கொண்டு வாசிக்கிறீர்களா? 1 முதல் 5 வாட். ரெக்கார்டிங், சின்ன மேடை, அடக்கி வாசிக்கத் தெரிந்த டிரம்மர்? 12 முதல் 22 வாட். பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. டிரம்மர் ஓங்கி அடிப்பவர், மேடையில் கிட்டாருக்கு மைக் கிடையாது, அப்போதும் உங்களுக்குச் சுத்தமான ஒலி வேண்டும் என்றால் 30 முதல் 45 வாட். 100 வாட் ஆம்புகள் பிறந்தது, மேடை ஒலிபெருக்கிகளால் கிட்டாரைத் தூக்க முடியாமல் இருந்த 1960-களின் நடுப்பகுதியில். இன்று மைக் வைத்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, வால்யூம் குமிழின் எண்களை நம்பாதீர்கள். பல பழைய வடிவமைப்புகளில் 4 அல்லது 5 வருவதற்குள் சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மேல் திருகினால் கூடுவது கரகரப்பும் அழுத்தமும்தான். கடையில் 3-இல் வைத்துக் கேட்டுவிட்டு "இன்னும் ஏழு மிச்சம் இருக்கிறது" என்று மகிழ்ந்து வாங்கி வந்தவர்கள் நிறைய.

இரண்டாம் படி: எந்தக் குடும்பம்?

பழைய பாணி என்று விற்கப்படும் ஆம்புகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று, நான்கு மூலச் சுற்றுகளின் வாரிசுகள். கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும் "இது எதன் வாரிசு?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் ஒலி எப்படி இருக்கும் என்று முக்கால்வாசி ஊகித்துவிடலாம்.

மூத்தது ட்வீட். 1950-களில் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்த, துணி ஒட்டிய பெட்டிகள். இவற்றில் ப்ளூஸ்காரர்களின் செல்லப்பிள்ளை 5இ3 என்ற சுற்றெண் கொண்ட ட்வீட் டீலக்ஸ். 1955-இல் வந்தது. இரண்டு 6வி6 பவர் ட்யூப், ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், சுமார் 15 வாட். முகப்பில் மூன்றே குமிழ்: இரண்டு வால்யூம், ஒரு டோன். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் செருகாத சேனலின் வால்யூமைத் திருகினாலும் உங்கள் டோன் மாறும். இரண்டும் உள்ளே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. எண்கள் 12 வரை போகும். 4-இல் சுத்தமாக இருக்கும். 6-இல் பிக்கை அழுத்தினால் கரகரக்கும், தளர்த்தினால் தெளியும். 10-க்கு மேல் போய் ஒரு தடித்த கம்பியை ஓங்கி அடித்தால், சத்தம் முதலில் ஒரு கணம் உள்வாங்கி, பிறகு மெல்ல விரிந்து வரும். பந்து ஈரமண்ணில் விழுந்து எழுவது மாதிரி. சிலருக்கு இது சொர்க்கம். வேகமான ராக் ரிஃப் வாசிப்பவருக்கு இது சேறு. லெஸ் பால் மாதிரி தடித்த ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உள்ள கிட்டாரோடு முழுக்கத் திறந்தால் அடித்தொனி கலங்கிவிடும். சிங்கிள் காயில் உள்ள டெலிகாஸ்டர் இதற்கு உற்ற ஜோடி.

ட்வீட் வீட்டின் பெரியண்ணன் பாஸ்மேன். 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ சுற்று, நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர், 40 வாட்டுக்கு மேல். பாஸ் கிட்டாருக்காகச் செய்தது. ப்ளூஸ் கிட்டார்காரர்களும் ஹார்மோனிகாக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். இன்று அதை யாரும் பாஸுக்கு வாங்குவதில்லை.

அந்தப் பாஸ்மேன்தான் அடுத்த குடும்பமான மார்ஷலின் தாய். 1962-இல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் அமெரிக்க ஆம்புகளை வரவழைப்பதைவிட இங்கேயே செய்துவிடலாம் என்று பாஸ்மேன் சுற்றை எடுத்து ஜேடிஎம்45-ஐச் செய்தார்கள். சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் இடத்தில் கூடுதல் பெருக்கம் உள்ள இசிசி83 ட்யூப், வேறு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் வைத்த மூடிய பெட்டி. ஒலி மொத்தமாக வேறு ஆளாகிவிட்டது. சமையலில் அளவு அதே, அடுப்பும் பாத்திரமும் வேறு என்றால் ருசி மாறுவது போலத்தான். இந்தச் சுற்றையே இரண்டு ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் அடக்கிய காம்போவில்தான் எரிக் கிளாப்டன் 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு பதிவு செய்தார். கையில் லெஸ் பால். அந்த ஆம்புக்கே ப்ளூஸ்பிரேக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த 100 வாட் சூப்பர் லீட், முகப்பில் பிளெக்ஸிகிளாஸ் தகடு இருந்ததால் பிளெக்ஸி என்று அழைக்கப்படுகிறது. இஎல்34 ட்யூப்கள், கடினமான நடுத்தொனி, ஹென்ட்ரிக்ஸின் மேடை. ராக் ரிஃப் வாசிக்க இந்தக் குடும்பத்தை வெல்ல ஆளில்லை. பிரச்சினை ஒன்றுதான்: மாஸ்டர் வால்யூம் இல்லாத பிளெக்ஸி தன் இனிக்கிற இடத்துக்கு வரும்போது, கூடவே அண்டை வீட்டாரும் வருவார்கள்.

மூன்றாவது குடும்பம் வாக்ஸ். டிக் டென்னி வடிவமைத்த ஏசி15 1958-இல் வந்தது, ஏசி30 அடுத்து வந்தது. விரல் தடிமன் உள்ள இஎல்84 ட்யூப்கள், 15-இல் இரண்டு, 30-இல் நான்கு. மேல்தொனியில் மணி அடிப்பது போன்ற மினுமினுப்பு, நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்கும். பீட்டில்ஸ் கையில் அது ஜங்கென்று ஒலித்தது. ரோரி கல்லகரும் பிரையன் மேயும் முன்னால் மேல்தொனியைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர் ஒன்றை வைத்துத் தள்ளியபோது அதே ஆம்ப் உறுமியது. இதை "கிளாஸ் ஏ", அதாவது பவர் ட்யூப்கள் ஓயாமல் முழு நேரமும் ஓடும் வகை, என்று விளம்பரம் செய்வார்கள். ஏசி30 முழு வீச்சில் போகும்போது அது ட்யூப்கள் மாறி மாறி ஓய்வெடுக்கும் கிளாஸ் ஏபிதான். விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தால் புன்னகைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

கடைசியாக பிளாக்ஃபேஸ். 1963-இல் இருந்து 1967 வரை ஃபெண்டர் செய்த கறுப்பு முகப்பு ஆம்புகள். நடுத்தொனி குழிந்து, அடியும் மேலும் எழும்பிய சுத்தமான ஒலி, கூடவே ஸ்பிரிங் ரிவர்ப், அதாவது ஸ்பிரிங்கில் ஓடவிட்டு எதிரொலி சேர்க்கும் வசதி. இதில் எல்லாருக்கும் நான் முதலில் காட்டுவது டீலக்ஸ் ரிவர்ப், 22 வாட், இரண்டு 6வி6. வால்யூம் 4, 5-இல் விளிம்பைத் தொடும். அதைவிடச் சிறிதாக வேண்டுமானால் பத்து அங்குல ஸ்பீக்கரோடு 12 வாட் அளவில் பிரின்ஸ்டன் ரிவர்ப். வீட்டுக்கும் ரெக்கார்டிங்குக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. 85 வாட் ட்வின் ரிவர்ப் என்பது சுத்தமான ஒலிக்கான இயந்திரம். அதைக் கரகரக்க வைக்க வேண்டும் என்று யாரும் வாங்கக் கூடாது. ஸ்டீவி ரே வான் பயன்படுத்திய சூப்பர் ரிவர்ப் 40 வாட், நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர். அவர் வாசித்த மேடைகள் உங்களுக்கும் கிடைத்தால் வாங்கலாம்.

குழப்பமாக இருந்தால் சுருக்கு வழி ஒன்று. உங்களுக்கு உயிரான நான்கு பதிவுகளை எடுத்து, கிட்டார் சுத்தமாக இருக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள், சோலோவை விடுங்கள். நடுத்தொனி முன்னால் வந்து பேசினால் ட்வீட் அல்லது மார்ஷல். குழிந்து, விரிந்து ஒலித்தால் பிளாக்ஃபேஸ். மேலே மணி ஒலித்தால் வாக்ஸ். சோலோவில் பெடலும் ரெக்கார்டிங் வித்தையும் கலந்து காதை ஏமாற்றும், ரிதமில் ஏமாற்றுவது கடினம். இன்னொன்று, ட்யூப் என்றாலே தெய்வம் என்று இருக்கவும் வேண்டாம். பி.பி. கிங் நெடுங்காலம் வாசித்த லேப் சீரீஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப்தான்.

மூன்றாம் படி: விரலுக்குத் தெரியும் விஷயங்கள்

இனி வருவது விவரக் குறிப்பில் ஓரமாக இருக்கும் வார்த்தைகள். காதைவிட விரலுக்குத்தான் இவை முதலில் தெரியும்.

ரெக்டிஃபையர். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி. அதுவும் ட்யூபாக இருந்தால், ஓங்கி அடிக்கும்போது மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்து மீளும். இதற்கு சேக் என்று பெயர். ட்வீட் டீலக்ஸில் உள்ள 5ஒய்3 நன்றாகவே சரியும். டீலக்ஸ் ரிவர்ப், ஜேடிஎம்45 போன்றவற்றில் உள்ள ஜிஸெட்34 கொஞ்சமாகச் சரியும். ட்வின் ரிவர்ப் மாதிரி சிலிக்கன் டயோடு உள்ளவை விறைப்பாக நிற்கும். மெதுவான ப்ளூஸுக்குச் சரிவு இனிக்கும், இறுக்கமான ராக் ரிதமுக்கு விறைப்பு நல்லது. சின்ன சத்தத்தில் வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியவே தெரியாது. ஆம்ப் உழைத்தால்தான் சரியும்.

பயஸ். பவர் ட்யூப் ஓய்வில் எவ்வளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும் என்று வைக்கும் முறை. கேத்தோடு பயஸ் உள்ளவை, ட்வீட் டீலக்ஸும் வாக்ஸும், மெதுவாக, வழவழப்பாகக் கரகரப்புக்குள் நுழையும். ட்யூப் மாற்றும்போதும் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். ஃபிக்ஸ்டு பயஸ் உள்ளவை விறைப்பானவை. ட்யூப் மாற்றினால் மெக்கானிக் கையால் சரிசெய்ய வேண்டும். ஃபிக்ஸ்டு என்று பெயர், ஆனால் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். பெயர் வைத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் வால்யூம். கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் சின்ன ட்யூப்களை, அதாவது முன்பகுதியை, கரகரக்க வைத்து, பின்பகுதியில் சத்தத்தைக் குறைக்கும் குமிழ். மார்ஷல் 1975 வாக்கில் இதைக் கொண்டு வந்தது. வசதிதான். ஆனால் பவர் ட்யூப், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து உழைக்கும்போது வரும் தடிமன் இதில் வராது. கரகரப்பு மெலிந்து, கொஞ்சம் ஈப்பறப்பது போல் கேட்கும். முன்பகுதியை மட்டும் நம்பிப் பிறந்த ஆம்புகளில் இது நன்றாகவே இருக்கும், பழைய பாணியில் ஒட்டுவேலையாகத் தெரியும்.

அட்டெனுவேட்டர் என்று ஒன்று உண்டு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து சக்தியை வெப்பமாக்கிவிடும் பெட்டி. கொஞ்சம் குறைத்தால் நன்றாகவே இருக்கும். மிகவும் குறைத்தால் ஒலி சுருங்கிப் போகும். அதில் ஒரு பங்கு பெட்டியின் குற்றம் இல்லை: சத்தம் குறையக் குறைய நம் காதே அடித்தொனியையும் மேல்தொனியையும் குறைவாகக் கேட்கிறது. ஸ்பீக்கர் அசைவதும் குறைந்துவிடுகிறது. ஆகவே "45 வாட் வாங்கி அட்டெனுவேட்டர் போட்டுக்கொள்கிறேன்" என்பதைவிட, முதலிலேயே சின்னதாக வாங்குவது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: ஸ்பீக்கரைப் பாருங்கள்

ட்யூப் மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் ஸ்பீக்கர் பக்கம் திரும்புவதே இல்லை. ட்யூப் பிராண்டு மாற்றினால் வரும் வித்தியாசத்தை நேற்றும் இன்றும் ஒப்பிட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் மாற்றினால் அடுத்த அறையில் இருப்பவர் கேட்பார், "என்ன, வேற ஆம்பா?"

சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணைத் தேடுங்கள். செலஸ்டியன் ப்ளூ ஒரு வாட்டுக்கு 100 டெசிபல், 15 வாட் தாங்கும். அதே கம்பெனியின் கிரீன்பேக் 98 டெசிபல், 25 வாட் தாங்கும். இரண்டு டெசிபல் வித்தியாசம் என்பது வாட்டில் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆம்ப் அதிகச் சத்தம் போடுகிறது என்று தோன்றினால் சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கரை மாட்டிப் பாருங்கள். ஆம்பை விற்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம். மேடையில் சத்தம் போதவில்லை என்றால் எதிர்ப்பக்கம் போங்கள்.

தாங்கும் வாட்டிலும் கவனம் வேண்டும். 22 வாட் என்று எழுதியிருப்பது சுத்தமான ஒலிக்கான கணக்கு. முழுக்கத் திறந்து கரகரக்கும்போது அதைவிட நிறையவே வெளியேறும். ஒரே ஸ்பீக்கர் உள்ள ஆம்புக்கு, ஆம்பின் வாட்டைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் பத்திரமானது. இரண்டு ப்ளூ வைத்த ஏசி30-இல் 30-க்கு 30 என்று சரியாக விளிம்பில் நிற்கிறது. அழகுதான், ஆனால் அடிக்கடி முழு வீச்சில் வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும் நாள் வரும்.

ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கை மறக்கவே கூடாது. ஆம்பின் பின்னால் 8 என்று எழுதிய ஓட்டையில் 8 ஓம் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்பை வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அது இருப்பதிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று.

பெட்டியின் பின்புறம் திறந்திருந்தால் ஒலி அறை முழுக்கப் பரவும், காற்றோட்டமாக இருக்கும். மூடியிருந்தால் முன்னோக்கிக் குத்தும், அடித்தொனி இறுகும். வீட்டில் சுவரை ஒட்டி வைப்பதென்றால் திறந்த பெட்டியில் சுவர் எதிரொலி சேர்ந்துவிடும். ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

ஐந்தாம் படி: அசல் பழசா, மறுபதிப்பா, கைவேலையா?

அசல் 1950, 60 ஆம்ப் வாங்குவது கல்யாணம் மாதிரி. அதன் மெக்கானிக்கையும் சேர்த்துத்தான் கட்டிக்கொள்கிறீர்கள். மின்தேக்கிகளில் உள்ள ஈரம் காய்ந்துபோகும், 15, 20 வருடத்தில் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் இருந்தால் ஹம் வரும், சில சமயம் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். "ஒரு பாகம்கூட மாற்றாதது" என்று பெருமையாக விற்கிறார்கள் என்றால், வாசிப்பவருக்கு அது எச்சரிக்கை. அது சேகரிப்பவருக்குச் சொன்ன வாக்கியம். கொஞ்சம் மலிவாக அசல் பழசு வேண்டுமென்றால், சிபிஎஸ் நிறுவனம் 1965-இல் ஃபெண்டரை வாங்கிய பிறகு, 1968-இல் தொடங்கிய வெள்ளி முகப்பு ஆம்புகளைப் பாருங்கள். ஆரம்ப வருடங்களின் பல மாடல்கள் உள்ளே கறுப்பு முகப்பிலிருந்து அதிகம் விலகவில்லை, பெயர் மட்டும் குறைவு.

மறுபதிப்புகள் பெரும்பாலும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் செய்தவை. அதனால் மட்டமானவை என்று அர்த்தம் இல்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: ட்யூப் சாக்கெட்டும் குமிழ்களும் பலகையிலேயே பற்றவைத்திருக்கிறதா, அல்லது உலோகச் சட்டத்தில் மாட்டி வயரால் இணைத்திருக்கிறதா? சூடான பவர் ட்யூபைத் தாங்கிய சாக்கெட் பலகையில் இருந்தால் வருடங்கள் போகப் போக பற்றவைப்பு விரியும். கைவேலை ஆம்புகளில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றலாம், மாற்றலாம், நாற்பது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் சரிசெய்வார். ஒலியில் பெரிய வித்தியாசம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கிட் வாங்கி நீங்களே கட்டுவது இன்னொரு வழி. ட்வீட் சாம்ப் மாதிரி ஒற்றை 6வி6 சுற்று ஒரு வார இறுதிக்குள் அடங்கும். ஆனால் உள்ளே 350 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தங்கும். அதை வடிக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

வேறு நாட்டில் செய்த பழைய ஆம்ப் என்றால் 120 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்று பாருங்கள். ரிவர்ப், ட்ரெமலோ, எஃபெக்ட் லூப் எல்லாம் ருசிக்கு உப்பு. ரிவர்ப் வேண்டும் என்றால் பிளாக்ஃபேஸ் வாரிசுகளுக்குள் தேடுங்கள், வேண்டாமென்றால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். ஃபெண்டர் முகப்பில் வைப்ரேட்டோ (சுருதி நடுங்குவது) என்று எழுதியிருப்பது ட்ரெமலோதான் (சத்தம் ஏறி இறங்குவது). எடையைக் கேளுங்கள்: ட்வின் ரிவர்ப் 29 கிலோ, டீலக்ஸ் ரிவர்ப் 19 கிலோ அளவில். கடையில் தூக்கிப் பார்த்து, பிறகு படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாங்குமுன் அரை மணி நேரம்

உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடைக் கிட்டாரில் சோதிப்பது அடுத்தவர் செருப்பை மாட்டி ஷூ வாங்குவது போல. பெடல் எதுவும் வேண்டாம்.

முதலில் கிட்டாரைச் செருகாமல் ஆம்பை ஐந்து நிமிடம் சூடாக விடுங்கள். வால்யூமைப் பாதி வரை ஏற்றுங்கள். மெல்லிய ஹம்மும் இஸ்ஸும் இயல்பு. சோளம் பொரிவது போல் வெடித்தால் ட்யூபோ ரெசிஸ்டரோ சொதப்புகிறது. குமிழ்களைத் திருகும்போது கரகரத்தால் தூசி, பெரிய விஷயம் இல்லை.

பிறகு கிட்டார். வால்யூம் 3, 5, 7 என்று மூன்று இடத்திலும் அதே நான்கு பார் ஸ்லோ ப்ளூஸை வாசியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிட்டாரின் வால்யூமை 10-இலிருந்து 5-க்கு இறக்குங்கள். நல்ல ஆம்ப் தெளியும், மேல்தொனி கொஞ்சம் மங்கும். மட்டமானது அப்படியே சத்தம் மட்டும் குறைந்து ஊமையாகும். பழைய பாணி ஆம்புக்கு இதைவிட முக்கியமான சோதனை கிடையாது. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு சேனல் மாற்றும் ஸ்விட்ச் இல்லை, அவர்கள் சுண்டுவிரலால் கிட்டார் குமிழைத்தான் திருகினார்கள்.

அடுத்து, தடித்த கம்பியைத் திறந்து ஓங்கி அடியுங்கள். அடித்தொனி உதறுகிறதா? பிறகு மெல்லிய கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு நோட்டைப் பிடித்து, தேயத் தேயக் கேளுங்கள். தேயும்போது பின்னால் ஒரு பேய்க்குரல் மாதிரி வேறொரு சுருதி ஒலித்தால் வடிகட்டும் மின்தேக்கி தளர்ந்திருக்கலாம். கடைசியில் பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன ட்யூப்களை மெதுவாகத் தட்டுங்கள். டங் என்று ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக். ஒரு ட்யூப் மாற்றினால் தீரும், பேரம் பேசவும் உதவும்.

கடை நெருக்கினால் வாங்காமல் எழுந்து வாருங்கள். 2-க்கு மேல் திருகக் கூடாது என்று சொன்ன ஒரு கடையில் நான் ஏமாந்திருக்கிறேன்.

பழையது வாங்கும்போது கூடுதல் கவனம்: இரண்டு முனை பிளக் இருந்தால் கிட்டாரைச் செருகுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் கொடுத்து எர்த் உள்ள மூன்று முனை போடச் சொல்லுங்கள். பல அமெரிக்க ஆம்புகளில் மின்சாரத்தின் ஒரு பக்கத்திலிருந்து உலோகச் சட்டத்துக்கு ஒரு மின்தேக்கி ஓடும். அதற்கு டெத் கேப் என்றே பெயர். அது பழுதாகி, நீங்கள் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கை உதட்டால் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரே சொல்கிறது. பின்னால் டிரான்ஸ்ஃபார்மர்களின் நிறம், துரு, பற்றவைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பவர் ட்யூபின் உள்ளே தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் மின்னும் இழை இயல்பு, தகடு சிவப்பது இயல்பில்லை.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

கையில் ஒரு ஜோடி மாற்று பவர் ட்யூப், முன்பகுதிக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, மாற்று ஃப்யூஸ். ஃப்யூஸ் எரிந்தால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கரகரப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது என்றால், முதல் 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றி அங்கே 5751 மாட்டிப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, இதற்கு 70. பற்றவைப்பு வேண்டாம், பயஸ் வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் பழையதையே திரும்ப மாட்டலாம். கையில் சுடும், துணி வைத்துப் பிடியுங்கள்.

ஆம்பைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றபடி கேட்டால் மேல்தொனி முழங்காலோடு போய்விடும். பலரும் இதைப் புரியாமல் ட்ரெபிளைக் கூட்டிக் கூட்டி, எதிரில் உட்கார்ந்தவரின் காதைக் குத்துவார்கள். ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள் அல்லது பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள்.

முதல் ஒரு வாரம் பெடல் பெட்டியைத் திறக்காதீர்கள். எல்லா டோன் குமிழையும் நடுவில் வைத்து, ஆம்பின் வால்யூமை விளிம்பு வரை ஏற்றி, பிறகு கிட்டாரில் இருக்கும் இரண்டு குமிழை மட்டும் வைத்துக்கொண்டு சுத்தமான ரிதமும் கரகரக்கும் சோலோவும் வாசித்துப் பாருங்கள். இரண்டாவது நாளே சுண்டுவிரல் தானாகக் குமிழைத் தேடும்.